பூங்கா மண்ணில் கிடக்கும் பழங்காசு யாருக்குச் சொந்தம்?

இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் ஃபார்ன்ஹாம் என்றொரு பழைய ஊர். அங்குள்ள பெரிய பூங்கா வேவர்லி நகராட்சியின் சொத்து. யார் வேண்டுமானாலும் போய் உலாவி வரலாம். 1992-இல் ஒருவர் மெட்டல் டிடெக்டரோடு அந்தப் பூங்காவுக்குப் போனார். ஓரிடத்தில் கருவி ஒலித்தது. ஏறக்குறைய 9 அங்குலம் தோண்டியதும், ஆடையில் குத்திக்கொள்ளும் தங்க ப்ரூச் ஒன்று கிடைத்தது. இடைக்காலத்தைச் சேர்ந்தது. அவர் மூடி மறைக்காமல் அதிகாரிகளிடம் தெரிவித்தார். புதையல்களை விசாரிக்கும் கொரனர் என்ற அதிகாரி, அது யாரும் புதைத்துவைத்தது அல்ல என்றும் அதனால் அரசுக்குரிய புதையலாகாது என்றும் முடிவுசெய்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

நகராட்சி விடவில்லை, வழக்குத் தொடுத்தது. முதலில் கண்டெடுத்தவர் பக்கம் தீர்ப்பாயிற்று. 1995-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. தரைமேல் கிடக்கும் பொருளுக்கு ஒரு நியாயம், தரைக்குள் இருக்கும் பொருளுக்கு வேறு நியாயம் என்றது. நிலத்துக்குள் இருப்பதில் நிலத்துக்கு உரியவருக்கே முதல் உரிமை. பூங்காவுக்குள் வர மக்களுக்குக் கொடுத்திருக்கும் அனுமதி உலாவவும் விளையாடவும்தான். தோண்டுவது அதில் சேராது. மண்ணில் கரண்டியை இறக்கியபோதே அவர் அத்துமீறியவர் ஆகிவிட்டார்.

பொதுப் பூங்காவில் பழம்பொருள் தேடுவது பற்றி நீதிமன்றங்கள் சொன்னவற்றில் இத்தனை தெளிவானது அபூர்வம். ஆனால் பொருள் யாருக்கு என்பதை மட்டுமே அது தீர்த்துவைத்தது. பூங்கா மண்ணுக்குள் பழங்காசு எப்படிப் போயிற்று, எடுப்பதால் எதை இழக்கிறோம், எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வார இறுதிகளில் இந்தக் கருவியோடு பூங்காக்களுக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களைத் திருடர்கள் என்று பேசுவோரும் உண்டு, வரலாற்றின் நண்பர்கள் என்று பேசுவோரும் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்அனுமதியும் முறையான பதிவும் இருந்தால் இது ஊருக்கு உதவும் வேலை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் பொதுச் சொத்தை எடுத்துக்கொண்டு போவதுதான்.

மண்புழுவும் மின்சுருளும்

காசு கனமானது, அதனால் மண்ணுக்குள் இறங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலும் மண்தான் காசுக்கு மேலே ஏறுகிறது. இதை அளந்து காட்டியவர் சார்லஸ் டார்வின். 1842-இல் தம் வீட்டருகே இருந்த புல்வெளியில் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பினார். 29 ஆண்டுகள் காத்திருந்து 1871-இல் குறுக்கே பள்ளம் வெட்டிப் பார்த்தபோது, அந்தத் துண்டுகள் 7 அங்குலம் கீழே வரிசையாகக் கிடந்தன. மண்புழுக்கள் அடிமண்ணைத் தின்று மேலே வந்து கழித்துவிட்டுப் போகின்றன. அந்தக் கழிவுமண் வருடத்துக்கு வருடம் சேர்ந்து பொருள்களை மூடிவிடுகிறது. பழைய ரோமானியக் கட்டடங்களின் தரைகள் மண்ணுக்குள் பத்திரமாக இருப்பதற்கும் புழுக்களே பெரிய காரணம் என்று டார்வின் எழுதினார். மண்புழுக்களைப் பற்றிய அந்த நூல் 1881-இல் வெளிவந்தது.

அதே 1881-இல்தான் புதைந்திருக்கும் உலோகத்தைத் தேடும் கருவியின் முன்னோடியும் பிறந்தது. ஜூலை 2 அன்று அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், மின்தூண்டலை அடிப்படையாகக் கொண்ட ஒரு கருவியைச் செய்து நோயாளியின் உடல்மீது நகர்த்திப் பார்த்தார். படுத்திருந்த மெத்தையின் எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின. தலைமை மருத்துவர் வலப்பக்கத்தில் மட்டுமே தேட விட்டார். குண்டு இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். அந்த முயற்சி தோற்றாலும் கருவியின் தத்துவம் சரியானதே.

அதன்பிறகு வளர்ச்சி வேகமானது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கெர்ஹார்ட் ஃபிஷர் 1937-இல் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரில் போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி காட்டும் கருவி எல் அலமைன் போரில் பயன்பட்டது. போர் முடிந்ததும் ராணுவத்துக்கு மிஞ்சிய கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. டிரான்சிஸ்டர் வந்து கருவியின் எடையைக் குறைத்தது. 1964-இல் டெக்சஸில் சார்லஸ் காரெட் தொடங்கிய நிறுவனமும், ஒரிகனில் இயங்கிய வைட்ஸ் நிறுவனமும், பின்னாளில் ஆஸ்திரேலியாவின் மைன்லேபும் இதைச் சாதாரணக் குடும்பங்களும் வாங்கக்கூடிய பொழுதுபோக்குக் கருவியாக்கின.

இது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் பின்னால் வரும் வாதங்கள் புரியும். தரையை ஒட்டிப் பிடிக்கும் வட்டத் தட்டுக்குள் கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. ஒரு சுருள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே காசு இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்பும். மற்றொரு சுருள் அதைப் பிடித்துக்கொள்கிறது. திரும்பி வரும் அலை எவ்வளவு பின்தங்கி வருகிறது என்பது உலோகத்தின் கடத்துதிறனையும் கனத்தையும் பொறுத்தது. அதைக் கணக்கிட்டுத்தான் கருவி ஓர் எண்ணையோ ஓசையையோ தருகிறது. வெள்ளிக்கும் செம்புக்கும் உயர்ந்த எண், அலுமினியத் தாளுக்குத் தாழ்ந்த எண். இரும்புக்குத் தனிக் குணம். காசளவு பொருளைப் பொறுத்தவரை ஆழம் இரட்டிப்பானால் சமிக்ஞை ஏறக்குறைய 64-இல் ஒரு பங்காகக் குறையும். அதனால்தான் எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் 20, 25 சென்டிமீட்டருக்குக் கீழே கிடக்கும் சிறு காசு தப்பிவிடுகிறது.

ஒரு முக்கியமான சிக்கலும் இதிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் 5 சென்ட் நிக்கல் காசு 75 விழுக்காடு செம்பும் 25 விழுக்காடு நிக்கலும் கலந்தது. அது தரும் எண்ணும், மெல்லிய தங்க மோதிரம் தரும் எண்ணும், 1960-களில் வந்த பீர், சோடா டின்களிலிருந்து மக்கள் பிய்த்தெறிந்த அலுமினிய வளையம் தரும் எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் விழுகின்றன. டின்னோடு ஒட்டியே நிற்கும் மூடி 1975-இல் வரும்வரை அந்த வளையங்களைப் பூங்காப் புல்லில்தான் வீசினார்கள். இன்று அவற்றை எடுக்க மனமில்லாதவர் அந்த எண்களையே கேட்காதபடி கருவியை அமைத்துக்கொள்கிறார். பழைய நிக்கல்களையும் மோதிரங்களையும் சேர்த்தே விட்டுவிடுகிறார். நூறு குப்பையைத் தோண்டத் தயாராக இருப்பவருக்குத்தான் பூங்கா எதையாவது காட்டுகிறது.

அமெரிக்கப் பூங்கா சொல்லும் காலக்கணக்கு

பழைய காசு தேடுவோருக்கு அமெரிக்க நகரப் பூங்கா ஏன் இத்தனை பிடிக்கிறது? காரணம் 19-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்குக்கான திட்டத்தை 1858-இல் ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் வரைந்தார்கள். அதைப் பார்த்து நாடெங்கும் நகரங்கள் பூங்காக்கள் அமைத்தன. டிராம் கம்பெனிகள் தங்கள் தடத்தின் கடைசி நிறுத்தத்தில் கேளிக்கைப் பூங்காக்களைக் கட்டின. ஞாயிற்றுக்கிழமையும் வண்டி நிறைய வேண்டுமே. பாண்டு வாத்தியம், பேஸ்பால், குடும்பத்தோடு கட்டுச்சோறு. புல்லில் உட்காரும்போதும் உருளும்போதும் பையிலிருந்து காசு நழுவும். நியூயார்க் சப்வேயில் 1904 முதல் 1948 வரை கட்டணம் 5 சென்ட்தான். ஒரு நிக்கலைத் தொலைத்த பையன் வீட்டுக்கு நடந்துதான் போயிருப்பான்.

கிடைக்கும் காசுகளின் வரிசை ஒரு நாட்காட்டி போலவே அமைகிறது. 1859 முதல் 1909 வரை செவ்விந்தியத் தலை பொறித்த சென்ட். 1909 முதல் 1958 வரை, ஒரு பக்கம் லிங்கனும் மறுபக்கம் கோதுமைக் கதிரும் உள்ள சென்ட். 1892-இல் தொடங்கி 1916 வரை சார்லஸ் பார்பர் வடித்த வெள்ளிக் காசுகள். 1916 முதல் 1945 வரை மெர்க்குரி டைம் என்ற 10 சென்ட் வெள்ளிக் காசு. 1943-இல் மட்டும் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் துத்தநாகம் பூசிய எஃகு சென்ட். 1942 முதல் 1945 வரை நிக்கல் காசிலும் 35 விழுக்காடு வெள்ளி.

இந்த வரிசையில் எல்லாவற்றையும்விட முக்கியமான கோடு 1964. அதுவரை டைமும், குவார்ட்டர் என்ற 25 சென்ட் காசும், அரை டாலரும் 90 விழுக்காடு வெள்ளி. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் டைமிலிருந்தும் குவார்ட்டரிலிருந்தும் வெள்ளியை அடியோடு நீக்கியது. மக்கள் வெள்ளிக் காசுகளை எடுத்து வைத்துக்கொள்ள, சில ஆண்டுகளிலேயே அவை புழக்கத்திலிருந்து மறைந்தன. ஆகவே ஒரு புல்தரையில் வெள்ளிக் காசு கிடைத்தால், அது பெரும்பாலும் 1960-களின் நடுப்பகுதிக்குள் விழுந்தது என்று கொள்ளலாம். காசில் பொறித்த ஆண்டு அந்த அளவுக்கு உதவாது. 1916-இல் அச்சான டைம், தேய்ந்து மழுங்கிய நிலையில் 1940-களில்கூட விழுந்திருக்கலாம். பொறித்த ஆண்டுக்கு முன்னால் விழுந்திருக்க முடியாது என்பது ஒன்றுதான் உறுதி. தேய்மானத்தையும் ஆழத்தையும் பக்கத்தில் கிடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் விழுந்த காலம் ஓரளவு நெருங்கிவரும்.

மண்ணும் ஒவ்வொரு உலோகத்தையும் ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. வெள்ளி நூறாண்டு கழித்தும் பளிச்சென்று வெளிவரும். செம்பு பச்சைக் களிம்பேறும். புல்லுக்குப் போடும் ரசாயன உரம் அதை இன்னும் அரிக்கும். 1982 முதல் சென்ட் காசின் உட்புறம் துத்தநாகமாகிவிட்டது. அந்தக் காசுகள் சில ஆண்டு ஈரத்திலேயே குழிவிழுந்து கரைகின்றன. நூறாண்டுப் பழைய சென்ட் நிற்கிறது, நேற்றைய சென்ட் மட்கிப்போகிறது. கிடைத்ததைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் எழுத்தும் போகும், நாணயவியலாளரிடம் மதிப்பும் போகும். தண்ணீரில் ஊறவைத்து மண்ணை விடுவிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பணம் பண்ணும் வழி என்று யாராவது இதைச் சொன்னால் நம்ப வேண்டாம். வெள்ளி டைமின் எடை இரண்டரை கிராம்தான். 1916-இல் டென்வர் நாணயச்சாலையில் 2,64,000 மட்டுமே அச்சான டைம் போன்ற அரிய காசு பூங்காவில் கிடைக்குமென்று நம்பிக் கருவி வாங்குவதும் லாட்டரிச் சீட்டு வாங்குவதும் ஒன்றே. இந்த வேட்கையை நடத்துவது வேறொன்று: வேறொருவர் தொலைத்ததை, அவருக்குப் பின் முதல் ஆளாகக் கையில் எடுக்கும் அந்த நொடி. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வரலாற்றின்மீது ஒரு சாமானியருக்கு ஏற்படும் முதல் பிடிப்பு பல நேரம் இப்படித்தான் தொடங்குகிறது.

ஆனால் இந்தச் சுரங்கம் தீர்ந்துகொண்டிருக்கிறது. 1970-கள் முதல் எத்தனையோ பேர் இதே பூங்காக்களைச் சலித்துவிட்டார்கள். மேலாகக் கிடந்தவை போய்விட்டன. ஆழத்தில் கிடப்பவையும், ஆணிகளுக்கு நடுவே ஒளிந்திருப்பவையுமே மிச்சம். இன்றைக்குப் பூங்காவுக்கு வருகிறவர் கார்டும் கைப்பேசியுமாக வருகிறார். புதிதாகக் காசு விழுவது குறைந்துவிட்டது. எடுக்கப்படும் ஒவ்வொன்றும் மீண்டும் வராத ஒன்று. பதிவைப் பற்றி இத்தனை அழுத்திப் பேசுவதற்கு இதுவே காரணம்.

சட்டம் எங்கே நிற்கிறது

அமெரிக்காவில் ஒரே விடை கிடையாது. தேசியப் பூங்காக்களில் மெட்டல் டிடெக்டரைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதே விதிமீறல். 1906-இல் வந்த தொல்பொருள் சட்டமும், 1979-ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டமும் மத்திய அரசு நிலங்களையும் செவ்விந்தியர் நிலங்களையும் காக்கின்றன. பின்னதன்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்டதும் தொல்லியல் மதிப்புள்ளதுமான பொருளை அனுமதியின்றி எடுத்தால் அபராதமும் சிறையும் உண்டு. மாநிலப் பூங்காக்களில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நகரப் பூங்காவோ அந்தந்த நகரத்தின் கையில். நியூயார்க் நகரம் பூங்காத் துறை மூலம் அனுமதிச் சீட்டு வழங்குகிறது. சில ஊர்களில் அனுமதியே தேவையில்லை. சில ஊர்களில் புல்லை வெட்டக்கூடாது. சில ஊர்களில் எல்லாமே தடை.

சொந்தம் யாருக்கு என்பதிலும் அமெரிக்க நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 1904-இல் ஒரிகன் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், பழைய கோழிக்கூட்டைச் சுத்தம் செய்த இரண்டு சிறுவர்கள் துருப்பிடித்த தகர டப்பாவில் தங்கக் காசுகளைக் கண்டெடுத்தார்கள். தீர்ப்பு அவர்கள் பக்கம். ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 2001-இல், ஐடஹோவில் வீட்டுப் பாதை போடத் தோண்டியபோது ஜாடியில் கிடைத்த தங்கக் காசுகள் நில உரிமையாளருக்கே என்று தீர்ப்பாயிற்று. இடைப்பட்ட காலத்தில் மனப்போக்கு கண்டெடுத்தவரிடமிருந்து நிலத்துக்கு நகர்ந்திருக்கிறது. ஃபார்ன்ஹாம் தீர்ப்பும் அந்த வழியிலேயே போகிறது. இது சரியான திசை என்றே எனக்குப் படுகிறது. பொதுப் பூங்காவின் நிலத்துக்கு உரியவர் ஊர் மக்கள் அனைவரும். ஒருவர் தோண்டி எடுப்பது மற்றவர்களின் பங்கையும் சேர்த்துத்தான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பழைய குழப்பத்தை நீக்கியது. அதற்கு முன் ஒருவர் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு ஒளித்துவைத்தாரா, தவறவிட்டாரா என்று மனத்தை ஆராய வேண்டியிருந்தது. இப்போது காலமும் உலோகமும் போதும். 300 ஆண்டுக்கு மேற்பட்ட, 10 விழுக்காட்டுக்குக் குறையாத தங்கமோ வெள்ளியோ கொண்ட காசுகள் ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ கிடைத்தால் அது புதையல். மட்டமான உலோகமென்றால் 10 காசு. 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் மதிப்புக்கேற்ற வெகுமதி உண்டு. ஒற்றைக் காசு இந்த வரையறைக்குள் பெரும்பாலும் வராது. அதற்காகவே 1997-இல் கண்டெடுப்புகளைத் தாமாக முன்வந்து பதிவு செய்யும் திட்டம் தொடங்கியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதை நடத்துகிறது. 15 லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன. லண்டனின் அரச பூங்காக்களில் மட்டும் இந்தக் கருவிக்கு இடமே இல்லை. அயர்லாந்து இன்னும் கடுமை; 1987 முதல் உரிமமின்றித் தொல்பொருள் தேடக் கருவியை எடுப்பதே குற்றம்.

குழியில் போவது எது

தொல்லியலாளர்கள் கோபப்படுவது காசுக்காக அல்ல, குழிக்காக. ஒரு காசு எந்த மண்ணடுக்கில், எதனோடு, எந்த ஆழத்தில் கிடந்தது என்பதே அவர்களுக்குச் சான்று. பையில் போட்டுக்கொண்டு போன காசுக்கு அந்தச் சான்று கிடையாது.

புல்தரை வெறும் புல்தரையாகவே இருக்க வேண்டியதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நியூயார்க்கின் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்கா 1797 முதல் 1825 வரை ஏழை எளியவர்களின் இடுகாடு. ஆயிரக்கணக்கானவர்களின் எலும்புகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. சிகாகோவின் லிங்கன் பூங்காவின் ஒரு பகுதியும் டென்வரின் சீஸ்மன் பூங்காவும் இடுகாடுகளாக இருந்தவையே. சான் பிரான்சிஸ்கோவில் 1906 நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள் கோல்டன் கேட் பூங்காவில் கூடாரமடித்துத் தங்கினார்கள். அங்கே விழுந்த காசைச் சுற்றுலாவுக்கு வந்தவர் தவறவிட்டதா, அகதியானவர் தவறவிட்டதா என்று பிரித்தறிய இடமும் ஆழமும் பக்கத்துப் பொருளும் வேண்டும்.

இன்னொரு சேதம் கண்ணுக்குத் தெரியாதது. கருவியை வெள்ளிக்கும் செம்புக்கும் மட்டும் ஒலிக்குமாறு வைப்பவர், இரும்பை மதிப்பதில்லை. பழைய பாண்டு மேடை எங்கே இருந்தது என்று சொல்வது காசல்ல, அதன் மரச்சட்டத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள். காசுகளைப் பொறுக்கி எடுத்தபின் மிஞ்சும் மண்ணை நாளைக்கு ஓர் ஆய்வாளர் முறையாகத் தோண்டினால், அங்கே யாரும் காசே புழங்கவில்லை என்ற பொய்யான படம் கிடைக்கும்.

இது எங்கும் ஒரே அளவு சேதம் அல்ல என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பலமுறை சமன்செய்து, மண் கொட்டி, குழாய் பதித்த விளையாட்டுத் திடலின் மேல்மண்ணில் கிடக்கும் 1950-ஆம் ஆண்டு டைமை எடுப்பதால் தொல்லியல் பெரிதாக எதையும் இழப்பதில்லை. அதையும் கொள்ளை என்று சொன்னால் உண்மையான கொள்ளையைச் சொல்ல வார்த்தை இருக்காது. உண்மையான கொள்ளையும் நடந்திருக்கிறது. சர்ரேயிலேயே வான்பரோவில் இருந்த ரோமானியக் கோயில் தளத்தை 1980-களில் கருவிக்காரர்கள் இரவோடு இரவாகத் தோண்டிச் சிதைத்தார்கள். 1996-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்த அழிவு ஒரு தூண்டுகோல். 2015-இல் ஹெரிஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் ஊருக்கருகே இருவர் ஒரு வைக்கிங் காலப் புதையலைக் கண்டெடுத்து மறைத்து விற்றார்கள். சுமார் 300 காசுகள் இருந்திருக்கலாம் என்று கணிக்கப்பட்ட அந்தப் புதையலில் மீட்கப்பட்டவை 30 அளவுக்கே. 2019-இல் இருவரும் சிறைக்குப் போனார்கள். சட்டப்படி தெரிவித்திருந்தால் பெரிய வெகுமதியே கிடைத்திருக்கும்.

இதற்கு எதிர்ப்புறம் ஃப்ரோம் ஊர்ப் புதையல். 2010-இல் சாமர்செட்டில் ஒரு வயலில் கருவி ஒலித்தது. தோண்டியவர் பானையின் விளிம்பைப் பார்த்ததும் கையை நிறுத்திக்கொண்டு தொல்லியலாளர்களை அழைத்தார். அவர்கள் அடுக்கடுக்காக எடுத்ததில் 52,503 ரோமானியக் காசுகள் வந்தன. எந்தக் காலத்துக் காசு பானையின் எந்த மட்டத்தில் கிடந்தது என்று தெரிந்ததால், அவை பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சேர்த்தவை அல்ல, ஒரே சமயத்தில் இடப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருத முடிந்தது. கொத்தாக அள்ளியிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியிருந்திருக்காது.

பதிவின் வலிமைக்கு அமெரிக்கா தந்த சான்று மொன்டானாவில் உள்ள லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களம். 1876-இல் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படையை லகோட்டா, செயென் பழங்குடி வீரர்கள் முறியடித்த இடம். 1983-இல் காட்டுத்தீ அங்கே புல்லை எரித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகள் தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்ஸும், மெட்டல் டிடெக்டர் பழகிய தன்னார்வலர்களைக் கூட்டிக்கொண்டு நிலத்தைச் சலித்தார்கள். ஒலித்த இடத்தில் எல்லாம் கொடி நட்டு, அளந்து, வரைபடத்தில் குறித்தபின்தான் எடுத்தார்கள். தோட்டாக் குப்பியில் துப்பாக்கி ஊசி பதித்த தழும்பை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடச் சொல்ல முடிந்தது. போர்க்களத் தொல்லியலுக்கே அது புது வழி திறந்தது. பூங்காவில் காசு பொறுக்குபவர் கையில் இருப்பதும் அதே வகைக் கருவிதான். வேறுபாடு கொடியிலும் வரைபடத்திலும் இருக்கிறது.

நம் பக்கம்

தமிழ்நாட்டில் இந்தப் பொழுதுபோக்கு வேரூன்றவில்லை. ஆனால் காசின் இடம் தெரியாமல் போவதன் விலையை நாம் அறிவோம். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்கள் கையில் கிடைத்து, வணிகர் வழியாகச் சேகரிப்பாளர்களை அடைந்தவை சங்ககாலச் சேரர் காசுகள். மாக்கோதை, கொல்லிப்பொறை என்ற பெயர்களைக் காசிலேயே படிக்க முடிந்தது பெரும் பேறு. அவை எந்த அடுக்கில் எதனோடு கிடந்தன என்று தெரிந்திருந்தால் காலக்கணிப்பில் இத்தனை வாதம் இருந்திருக்காது. மாறாக, 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஒன்றாகக் கிடைத்து, ஒன்றாகவே பட்டியலான 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின்மேல் உளிவெட்டு இருந்தது தெரிந்தது. காசாகப் புழங்காதபடி திட்டமிட்டு வெட்டியிருக்கிறார்கள் என்ற ஊகம் அத்தனை காசும் ஒன்றுசேர்ந்து இருந்ததால்தான் பிறந்தது.

இங்கே 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எந்த இடம், எந்த நாள். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமையாளர் இல்லாத புதையல் என்று அறிவிக்கப்பட்டு, நிலத்துக்காரரோடு வேறு உடன்பாடும் இல்லாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு விரும்பினால் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். இடத்தையும் நாளையும் எழுதித்தரச் சொன்ன அந்தப் பழைய விதி, இன்று பிரிட்டன் பெருமையோடு நடத்தும் பதிவுத் திட்டத்தின் சாரத்தை ஒரு நூற்றாண்டு முன்பே தொட்டிருக்கிறது. அதைக் கடைப்பிடிக்காமல் விட்டது நம் குறை.

முழுத் தடையை நான் ஆதரிக்கவில்லை. தடை இருக்கும் இடங்களிலும் இரவில் தோண்டுவோர் தோண்டுகிறார்கள்; எடுத்ததைச் சொல்ல மட்டும் அஞ்சுகிறார்கள். சொல்லாத கண்டெடுப்புதான் மிகப் பெரிய இழப்பு. முழுச் சுதந்திரமும் உதவாது. நகராட்சிகள் செய்யக்கூடியது எளியது. இடுகாடு, போர்க்களம், பழைய குடியிருப்பு என்று அறியப்பட்ட பகுதிகளை மூடிவிட வேண்டும். மற்றப் புல்தரைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் ஆண்டு அனுமதி தரலாம். இடம், ஆழம், நாள், படம் ஆகியவற்றை ஒப்படைத்தால்தான் அடுத்த ஆண்டு அனுமதி புதுப்பிக்கப்படும் என்று வைக்கலாம். நூறு ஆண்டுக்கு மேற்பட்டவற்றை உள்ளூர் அருங்காட்சியகம் முதலில் பார்க்கட்டும். மற்றவற்றைக் கண்டெடுத்தவரே வைத்துக்கொள்ளட்டும். அவர் உழைப்புக்கும், தோண்டி எடுத்துப்போகும் டின் வளையங்களுக்கும் அது நியாயமான கூலி.

அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ வாழ்ந்து, பிள்ளைகளுக்கு ஒரு டிடெக்டர் வாங்கித்தர நினைக்கும் வாசகர்களுக்கு: முதலில் உங்கள் ஊர்ப் பூங்காத் துறைக்குக் கடிதம் எழுதி அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மழைக்குப் பிந்தைய ஈரமண்ணில் மட்டும், ஒரு பக்கம் வேர் அறாமல் புல்லை மடக்கித் தோண்டுங்கள். மண்ணைத் துணியில் கொட்டி, எடுத்ததும் திருப்பிப் போட்டு மிதித்துவிடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு ஒவ்வொரு காசுக்கும் இடத்தையும் ஆழத்தையும் பிள்ளையின் கையாலேயே எழுதவையுங்கள். எலும்போ பானையோ கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போன் செய்யுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு மனைக்கோ கிணற்றுக்கோ தோண்டும்போது காசு கிடைத்தால் நகைக்கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். கிடந்தபடியே ஒரு படம் எடுத்துக்கொண்டு, கலெக்டர் அலுவலகத்துக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் தகவல் கொடுங்கள்.